மாப்பிள்ளை விற்ற காற்று

நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனாலும் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. சுகாதார ஆய்வாளர் வேலை. ஓட்டல் அடுக்களைக்குள் நுழைந்து, மூடிவைத்த பாத்திரத்தைத் திறக்காமலேயே, "இது நேத்து செஞ்சதை இன்னைக்குச் சூடு பண்ணது" என்று சொல்லிவிடுவார். முதலாளி வாய்க்கு வந்த சத்தியமெல்லாம் செய்வார். மூடியைத் திறந்தால் மேலே ஏடு படிந்து, ஓரத்தில் நுரை கட்டியிருக்கும்.

மாவு மூட்டைக்குள் குட்டி போட்ட எலி, குளிர்பெட்டிக்கு அடியில் தேங்கிப் பச்சை பிடித்த நீர், பாத்திரம் துடைக்கிற துணியில் நெளிகிற புழு எல்லாம் பார்த்தவர். ஒருநாளும் குமட்டியதில்லை. கையில் உறை இருக்கும், முகத்தில் மூடி இருக்கும், பின்னால் அரசாங்கம் இருக்கும். அருவருப்பு அவருக்கு ஒரு கைக்கருவி. வேலை நேரத்தில் எடுப்பார், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகள். அவளுக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கடற்கரையில் ஸ்கூபா கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினான். வெயிலில் செம்பட்டை ஏறிய முடி, எப்போதும் வெறுங்கால், எதற்கும் ஒரு சிரிப்பு. மகள் அங்கேயே முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க வந்து கத்துக்கணும்" என்றான் மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை. "வயசானவங்களுக்குன்னு தனியா ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கிறேன். முதல் ஆளா நீங்க இறங்கினா, அந்தப் போட்டோவைப் போட்டே கூட்டம் சேர்த்துடலாம்."

"எனக்கு நீச்சலே ஏதோ சுமாராத்தான் வரும் மாப்பிள்ளை."

"நீச்சல் எதுக்கு? காத்துதான் முதுகுல இருக்கே. மூச்சு விடத் தெரிஞ்சா போதும்."

மகள் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் காரியம். மாட்டேன் என்று சொன்னால் அது வேறு விதமாகப் போகும். மேடம் சரி என்று தலையாட்டினார்.

முதல் நாளே சாமான் அறையில் நுழைந்ததும் அவருடைய மூக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. வரிசையாகத் தொங்கிய ரப்பர் உடைகளிலிருந்து மூத்திர நாற்றம் அடித்தது. பழைய மூத்திரம், அதன்மேல் புது மூத்திரம், அதற்கும் மேல் யாரோ தெளித்த வாசனைத் திரவம். "குளிர் தண்ணியில எல்லாருக்கும் வந்துடும்மா. அலசித்தான் வச்சிருக்கோம்" என்றாள் மகள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அந்த உடைக்குள் நுழைவதே ஒரு போராட்டம். உள்ளே ஈரம் காயவில்லை. தொடை வரை ஏற்றினால் இடுப்பில் நின்றது. இடுப்பை ஏற்றினால் தோளில் நின்றது. வேறொருவரின் குளிர்ந்த தோலுக்குள் காலை விடுவது போலிருந்தது. முழங்கையருகே ஒரு ரோமம் ஒட்டியிருந்தது. அவருடையது அல்ல.

அதற்கப்புறம் வாய்க்குழாய். பல்லால் கடித்துக்கொண்டு மூச்சு விடவேண்டிய ரப்பர் துண்டு. யார் யாரோ கடித்த பல் தடம் அதில் பதிந்திருந்தது. ஒரு மூலையைக் கடித்தே துப்பியிருந்தார்கள். கழுவுகிற தொட்டியை எட்டிப் பார்த்தார். மாஸ்க், வாய்க்குழாய், செருப்பு, எல்லாம் ஒரே தண்ணீரில் மிதந்தன. தண்ணீர் சோறு வடித்த கஞ்சி நிறத்தில் இருந்தது. ஓட்டலாக இருந்தால் அந்த நிமிடமே பூட்டுப் போட்டிருப்பார்.

"கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா மாப்பிள்ளை?"

"கடல் தண்ணியே பெரிய மருந்து அத்தை. ரிலாக்ஸ்."

மேடம் கைப்பையில் எப்போதும் இருக்கும் கிருமிநாசினியை ஊற்றி, குழாயடியில் திரும்பி நின்று, யாரும் பார்க்காதபடி அந்த ரப்பரைத் தேய்த்தார்.

பயிற்சிக்கென்று இருந்த நீச்சல் குளத்தின் கரையில் இன்னொரு மாணவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வங்கி கேஷியர். நல்ல பருமன், அந்த ரப்பர் உடையில் அவருக்குக் கழுத்து எது தோள் எது என்று தெரியவில்லை. இடமாற்றத்தின்போது கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து கொடுத்த பரிசுச் சீட்டாம். "தண்ணின்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகாது மேடம். ஆனா குடுத்ததை வீணாக்கக் கூடாது பாருங்க" என்றார். காசு எண்ணியே பழகிய வாய். ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்துக் கொடுத்தது. மூன்றாவதாக ஒரு புதுமண ஜோடி. அவர்கள் ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டிருந்ததால் மற்றவர்களோடு பேசவில்லை.

"கண்ணாடியில புகை படியாம இருக்க எச்சில் துப்பித் தேய்க்கணும்" என்றான் மாப்பிள்ளை.

கேஷியர் துப்பினார். ஜோடி சிரித்துக்கொண்டே துப்பியது. மேடத்துக்கு வாய் உலர்ந்துபோனது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களை எச்சில் துப்பாதே என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர்.

"குடுங்க அத்தை." மாப்பிள்ளை அவர் கையிலிருந்த மாஸ்கை வாங்கி, உள்ளே தானே ஒரு துப்புத் துப்பி, கட்டைவிரலால் வழவழவென்று தேய்த்து, தண்ணீரில் ஒரு முறை காட்டிவிட்டு நீட்டினான். நுரை இன்னும் ஓரத்தில் நின்றது. மகள் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு அதை முகத்தில் மாட்டினார். மாப்பிள்ளையின் எச்சில் புருவத்தில் சில்லென்று பட்டது.

தண்ணீருக்குள் போனால் எல்லாம் எளிது என்று அவன் சொன்னது முழுப் பொய். மூக்கை அடைத்துவிட்டு வாயால் மட்டும் மூச்சு விடு என்றால் உடம்பு கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து மூக்கால் இழுத்த உடம்பு. குழாய் காற்றைத் தருகிறது என்று புத்தி சொல்கிறது. தண்ணீருக்கடியில் மூச்சு இழுக்காதே என்று நெஞ்சு கத்துகிறது. ஒவ்வொரு மூச்சும் யாரிடமோ கெஞ்சி வாங்குவதுபோல் வந்தது. எச்சிலை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தாடையோரம் ஒழுகியது.

பிறகு காது. ஆள் உயரம் இறங்குவதற்குள் காதுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் திறக்கும் என்றார்கள். ஊதினால் சளிதான் வந்தது. பிறகு மிதப்பு. இடுப்பில் ஈயக்கட்டி கட்டியும் கால் மேலே போயிற்று, தலை கீழே போயிற்று. மேலே மாட்டிய மிதவைச் சட்டைக்குள் காற்று ஏற்றினால் தக்கைபோல் மேலே. இறக்கினால் அம்மிக்கல்போல் தரையில். நடுவில் நிற்பது என்ற ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை.

எல்லாவற்றிலும் கேவலம் மாஸ்குக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றுகிற பாடம். வேண்டுமென்றே கண்ணுக்கும் மூக்குக்கும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, அண்ணாந்து, மூக்கால் பலமாக ஊதி, அந்தத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். மேடம் தட்டுத் தடுமாறிச் செய்துவிட்டார். கேஷியருக்கு வரவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறியதும் ஓர் எருமைபோல் சீறிக்கொண்டு மேலே வந்தார். மூக்கிலிருந்து உதடுவரை கோழை நூலாகத் தொங்கியது. அதைப் புறங்கையால் துடைத்துத் தண்ணீரிலேயே அலசினார். அந்தத் தண்ணீர்தான் மறு நொடி மேடத்தின் மாஸ்குக்குள் வர வேண்டும்.

"மூக்கு உள்ள வரைக்கும் சளி இருக்கும் சார், வெக்கப்படாதீங்க" என்று மாப்பிள்ளை சிரித்தான். ஜோடியும் சிரித்தது. கேஷியரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "நம்ம சட்டியில இல்ல சார், அகப்பையில எப்படி வரும்" என்றார். அவருடைய கண் சிரிக்கவில்லை.

மேடத்தை உறுத்தியது வேறொன்று. குழாயிலிருந்து வந்த காற்றில் ஒரு நாற்றம் இருந்தது. கருகிய எண்ணெய் மாதிரி, வண்டி நிறுத்தத்தில் அடிக்கிற புகை மாதிரி. நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

"மாப்பிள்ளை, காத்துல ஏதோ வாடை வருதே?"

"ரப்பர் வாடை அத்தை. முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

குளத்தைவிட்டு ஏறும்போது நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. கேஷியருக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அதற்கும் அவன் அதையேதான் சொன்னான். முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுகிறீர்கள், அதனால்தான் தலைவலி. புதியவர்கள் எதைச் சொன்னாலும் அந்த ஒரே பதில் தயாராக இருந்தது. கேஷியர் அதை நம்பினார். மூச்சு விடுவதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆள் தான் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிப்போனார். மேடமும் பாதி நம்பினார். மீதிப் பாதியை மாப்பிள்ளை என்கிற உறவு அமுக்கி வைத்திருந்தது.

கேஷியருக்கு மாஸ்க் பாடம் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் கடலுக்குப் போகிற நாள் வந்தபோது மாப்பிள்ளை அவர் முதுகில் தட்டி, "அங்க தானா வந்துடும் சார்" என்று படகில் ஏற்றிவிட்டான்.

படகு சின்னது. மீன் வாடையும் டீசல் வாடையுமாக ஆடியது. அடியில் தேங்கிய தண்ணீரில் யாருடைய வெற்றுக் காலோ விட்டுப்போன பிளாஸ்திரி ஒன்று இங்கும் அங்கும் மிதந்தது. மேடம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மேடம், நீங்க கூடவே இருப்பீங்க இல்ல?" என்று கேட்டார் கேஷியர்.

"இருக்கேன் சார்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடல் கலங்கலாக இருந்தது. மாப்பிள்ளை கையில் கேமராவோடு முன்னால் போய்விட்டான். ஜோடி அவன் பின்னால் போனது. அடிமணலில் முழங்கால் பட்டதும் மேடம் திரும்பிப் பார்த்தார். கேஷியர் கயிற்றை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. அடுத்த நொடி வாய்க்குழாயின் இரண்டு பக்கத்திலிருந்தும் காலையில் தின்றது மேகமாக வெளியே வந்தது. எங்கிருந்தோ சின்ன மீன்கள் கூட்டமாக ஓடிவந்து அதைக் கொத்தின. அவருடைய கன்னத்தில் ஒட்டியதைக்கூடக் கொத்தின.

மேடம் திரும்பிக்கொள்ளத்தான் நினைத்தார். அதற்குள் கேஷியரின் வாயிலிருந்து குழாய் நழுவி விழுந்தது. அவர் அதைத் தேடவில்லை. அதுதான் மேடத்தைப் பயமுறுத்தியது. குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீருக்குச் சீறிய மனிதர், வாயைத் திறந்தபடி, தூக்கத்தில் இருப்பவர்போல் சும்மா இருந்தார்.

மேடம் மாப்பிள்ளை இருந்த பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மாப்பிள்ளை கேமராவை உயர்த்தினான். விளக்கு ஒரு முறை மின்னியது. விரலை வளைத்து, 'பிரமாதம்' என்று சைகை காட்டினான்.

பிறகு அவர் அவனைப் பார்க்கவில்லை. ஆபத்துக்கென்று தன் மார்பில் தொங்கிய உபரி வாய்க்குழாயை எடுத்தார். கேஷியரின் வாய்க்குள் வாந்தி அடைத்திருந்தது. கையுறை இல்லாத விரலை உள்ளே விட்டு, கடைவாய்வரை துழாவி வழித்தார். மெல்லாத சோறும் கோழையும் விரலிடுக்கில் வந்தன. குழாயை வாயில் திணித்து, உதட்டோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குழாயின் பொத்தானை அழுத்திக் காற்றை உள்ளே விட்டார். அந்த வாய் அவர் கைக்குள் இன்னொரு முறை குமட்டியது. விடவில்லை. இன்னொரு கையால் அவருடைய இடுப்பு ஈயக்கட்டியை அவிழ்த்துவிட்டு, கயிற்றோடு ஒட்டி மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். மூச்சை அடக்காதே என்று குளத்தில் சொன்னது நினைவிருந்தது. வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தார்.

படகோட்டி கைகொடுத்து இழுத்துப் போட்டார். கேஷியருக்கு மூச்சு இருந்தது. முகம் சாம்பலாக இருந்தது. "மன்னிச்சுடுங்க மேடம்… உங்க மேல எல்லாம்…" என்று குழறினார். மேடம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தானும் குடல் காலியாகும்வரை வாந்தி எடுத்தார். வாந்தியோடு அதே வாடை வந்தது. கருகிய எண்ணெய். வண்டிப் புகை. அவருக்கும் தலை சுற்றியது. அவர் ஒன்றும் பயந்து மூச்சு வாங்கவில்லை.

மாப்பிள்ளை சாவகாசமாக மேலே வந்து ஏறினான். அவன் பின்னால் ஏறிய ஜோடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தது. "என்ன சார், தண்ணி குடிச்சிட்டீங்களா? ரிலாக்ஸ். முதல் தடவை எல்லாருக்கும்…"

மேடம் அவனைக் கவனிக்காமல், கேஷியரின் சிலிண்டர் வால்வைக் கொஞ்சம் திருகி, சீறிய காற்றை முகர்ந்தார். பிறகு தன்னுடையதை முகர்ந்தார். இரண்டும் ஒன்று. ஊசிப்போன சாம்பாரை மூக்கு காட்டிக்கொடுப்பதுபோல் அத்தனை தெளிவாக இருந்தது. கடைசியாக மாப்பிள்ளை இறக்கிவைத்த சிலிண்டரை இழுத்தார். நீல நிறம், மற்றதெல்லாம் மஞ்சள். அந்த வால்வைத் திருகினார்.

அதில் ஒரு வாடையும் இல்லை. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் வருகிற காற்று.

"இது எங்க ரொப்பினது மாப்பிள்ளை?"

"அது… துறைமுகத்துல. நமக்குத் தெரிஞ்ச கடை."

"மத்தது?"

"நம்ம மெஷின்லதான். ஏன் அத்தை?"

ஒரு ஓட்டலுக்குச் சோதனைக்குப் போனால் மேடம் முதலில் பார்ப்பது அடுக்களையை அல்ல. முதலாளி மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார் என்பதை. தன் கடைச் சாப்பாட்டைத் தொடாமல் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரவழைக்கிறவன் கடையில் எல்லாமே இருக்கும், எலி உட்பட. அவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்கு மறுபடி குமட்டியது. வயிற்றில்தான் ஒன்றும் மிச்சமில்லை.

கரையில் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவர் நேராகப் பள்ளிக்குப் பின்னால் போனார். தகரக் கொட்டகைக்குள் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் இருந்தது. பெட்ரோல் எஞ்சினில் ஓடுவது. காற்றை உறிஞ்சுகிற குழாய் மேலே கூரையைத் தாண்டிப் போக வேண்டியது. பாதியில் அறுந்து, துணியால் கட்டித் தரையில் கிடந்தது. புகை கக்குகிற குழாய் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி. அந்த அறுந்த வாயைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது. ஃபில்டர் மூடியைத் திருகினார். உள்ளே இருந்தது மழைக்காலச் சாக்கடையில் மிதக்கிற கறுப்பு. விரலில் ஒட்டி நூலாக இழுத்தது. இதைத்தான் அந்த மனிதரும் தானும் நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறார்கள். கடித்த ரப்பரும் மூத்திர உடையும் மாஸ்கில் விழுந்த எச்சிலும் இதற்கு முன்னால் சுத்தம்.

மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றான். "அடுத்த வாரம் மாத்தணும்னு சொல்லிவச்சிருக்கேன் அத்தை. குழாய் போன மாசம்தான் அறுந்துது."

"உங்களுக்குத் தெரியும்."

"இவ்வளவு தூரம் ஆகும்னு தெரியாது. நம்ம குடும்ப விஷயம். பேசிக்கலாம். ரிலாக்ஸ்."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவன் முந்திக்கொண்டான். "புது ஆள், டாக்டர். பதட்டத்துல தண்ணி குடிச்சிட்டார்." படுக்கையிலிருந்த கேஷியர், "ஆமா சார், என் தப்புதான்" என்று தலையாட்டினார்.

மேடம் கறுத்த விரலை டாக்டரிடம் நீட்டினார். "தண்ணி இல்ல டாக்டர். புகை. சிலிண்டர்ல எஞ்சின் புகை ஏறியிருக்கு. ரத்தத்தைப் பாருங்க. எனக்கும் எடுங்க." பிறகு கேஷியரிடம் திரும்பினார். "சார், நீங்க ஒழுங்காத்தான் மூச்சு விட்டீங்க. காத்துதான் கெட்டுப்போன காத்து."

கேஷியர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டுவிட்டார்.

ரத்தச் சோதனை மேடம் சொன்னதைத்தான் சொன்னது. கேஷியருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

தாழ்வாரத்தில் மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். "எல்லார் முன்னாடியும் அவர் மானத்தை வாங்கிட்டியேம்மா" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டு கட்டைவிரலாலும் நெற்றியை அழுத்தினாள். கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துத் தடவினாள். புட்டி ஏறக்குறையக் காலி.

"எத்தனை நாளா தலைவலி?"

"வெயில்லயே இருக்கேன் இல்ல. போன மாசத்துலேர்ந்து அப்பப்ப வருது. கடலுக்குப் போயிட்டு வந்தா கொஞ்சம் ஜாஸ்தி."

"நீ கடலுக்குப் போறப்ப எந்த சிலிண்டர் எடுத்துக்குவ?"

"மஞ்சள்தான். நம்ம கடையில…" பேச்சு பாதியில் நின்றது. தைலப் புட்டியின் மூடியைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தாள். மேடம் அதை வாங்கிப் புட்டியை மூடினார்.

மறுநாள் காலை பள்ளியின் விளம்பரம் ஊரில் பலருடைய போனுக்கும் வந்தது. முன்பே ஏற்பாடு செய்து வைத்தது தானாகப் போய்விட்டது என்று பிறகு மாப்பிள்ளை மழுப்பினான். படத்தில் மேடம் கடலடியில் முழங்காலிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மங்கலாகக் கயிற்றில் ஒரு பருத்த உருவம். கீழே பெரிய எழுத்தில், 'வயது ஒரு தடையல்ல! என் மாமியாரே சாட்சி!' என்று போட்டிருந்தது. அலுவலகத்தில் இருவர் வாழ்த்துக்கூடச் சொல்லிவிட்டார்கள். மேடம் குளியலறைக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு கடலோரக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே கொட்டகைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

மகள் அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் ஒற்றைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். மேடம் சாப்பாடு போட்டார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். எழுந்தாள், மறுபடி தூங்கினாள்.

பஞ்சாயத்துப் பேச மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். இரும்புக் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆற்றுவதுபோல் டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தப்புதாம்மா. நான் இல்லேங்கல. அந்த கேஷியர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வரேன். புது மெஷின் வாங்கிக் குடுக்கறேன். இவன் சின்னதுலேர்ந்தே கொஞ்சம் அசட்டை. ஆனா கெட்டவன் இல்ல. வேணும்னு எதுவும் செஞ்சிருக்க மாட்டான்."

மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் உள் அறையிலிருந்து மகள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"வேணும்னு செய்யலதான் மாமா. நான் அவர்கிட்டயே கேட்டேன்."

"என்னம்மா கேட்ட?"

"குழாய் அறுந்தது தெரிஞ்சதும் உங்க சிலிண்டரை மட்டும் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் ரொப்பிக்கிட்டீங்களே, கூட என்னோடதையும் ரொப்பியிருக்கலாமேன்னு கேட்டேன்."

அண்ணன் டம்ளரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ரெண்டு தூக்கினா தோள் வலிக்கும்னார்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"போன்ல ஏதோ பாத்துட்டு இருந்தார். நிமிர்ந்துகூடப் பாக்கல. தோள் வலிக்கும்னார், அவ்வளவுதான்."

அண்ணன் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். பிறகு குடிக்காமல் மேசைமேல் வைத்தார். அவர் முகம் கோணியது. பல்லிடுக்கில் ஏதோ கசந்தது மாதிரி. எழுந்து நின்றார்.

"நீ இங்கயே இரும்மா" என்றார். "அவன் வந்தான்னா எனக்கு ஒரு போன் பண்ணு. நான் பாத்துக்கறேன்."

வாசலில் செருப்பைப் போடும்போது மேடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.